பள்ளிக்கூடத்துக்கு என்ன வேணும்னு முதல்ல பள்ளிக்கூடத்தைக் கேப்போம்

எல்லாருக்கும் வணக்கம்,

நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு என்ன செய்யலாம்னு மடல் மேல மடல் வந்துட்டிருக்கு, துபாய் தம்பிங்க ஸ்மார்ட் போர்டுங்கிறாங்க, நியூஜெர்சி அண்ணன் கலையரங்கம் கட்டலாங்கிறாரு. நல்ல எண்ணம்தான். ஆனா ஊர்ல ஒருத்தரையும் நாம இன்னும் கேக்கலயே, அதுதான் எனக்கு உறுத்துது.

காமராசர் பேரு நம்ம எல்லார் வாயிலயும் இருக்கு. அவர் ஆட்சியில பொதுக்கல்வி இயக்குநரா இருந்த நெ.து. சுந்தரவடிவேலுவை அந்த அளவுக்கு யாரும் நினைக்கிறதில்ல. மதிய உணவு, சீருடை ரெண்டுலயும் அவர் உழைப்பு இருக்கு, ஆனா நமக்கு நேரா சம்பந்தப்பட்டது 1958ல தொடங்குன பள்ளிச் சீரமைப்பு மாநாடுதான். ஆசிரியரும் ஊர்க்காரங்களும் உக்காந்து பள்ளிக்கூடத்துக்கு என்ன குறைன்னு முதல்ல பட்டியல் போடணும், கரும்பலகை, பெஞ்சு, கூரை, நெலம் எதுவா இருந்தாலும் சரி, அப்பறம் யாரால எது முடியுமோ அதை ஏத்துக்கணும், வட்டாரத்துப் பள்ளிக்கூடமெல்லாம் சேந்து மாநாடு போட்டு எல்லார் முன்னாடியும் ஒப்படைப்பாங்க. பட்டியல் முதல்ல, பணம் அப்பறம். இந்த வரிசைதான் முக்கியம்.

மதிய உணவும் 1956ல ஊர்க்காரங்க கொடுத்ததுலதான் தொடங்குச்சு. அப்பறம் அரசு மானியம் வந்தப்பவும் ஒரு சாப்பாட்டுக்கு 10 காசுன்னா அரசு 6, ஊர் 4. ஏழைப்பட்ட ஊருக்கு அந்த 4 காசே பெரும்பாடு, அதனால பின்னாடி அரசே பொறுப்பெடுத்துக்கிட்டது சரின்னுதான் நான் சொல்வேன். 1982 சத்துணவு, 2022 காலை உணவு வரைக்கும் அந்த எண்ணம் வந்து நிக்குது. அதே மாதிரி வாத்தியார் பத்தலன்னா நாம சம்பளம் கொடுக்கக் கூடாது, மனு போடணும், அது அரசோட வேலை.

இங்க சிங்கப்பூர்ல நம்மாளுங்க சம்பளத்துல மாசாமாசம் சிண்டாவுக்குப் புடிக்கிறாங்கல்ல, இந்தியர் வீட்டுப் புள்ளைங்க படிப்புக்கு உதவ 1991ல வந்த அமைப்பு. ஆளுக்குக் கொஞ்சம்தான், ஆனா வேலை பாக்குற இந்தியர் நெறையப் பேர்கிட்டயிருந்து வர்றதால எத்தனையோ வீட்டுப் புள்ளைங்களுக்கு டியூஷன் நடக்குது, எந்த வகுப்பு வாசல்லயும் பணம் கொடுத்தவன் பேரு இல்ல. நம்ம சங்கமும் இப்படிக் கொடுத்தாப் போதும், கல்வெட்டு வேணாம்.

ஊர்ப் பள்ளிக்கூடத்துல பள்ளி மேலாண்மைக் குழு இருக்கு, அதுல முக்கால்வாசிப் பேரு படிக்கிற புள்ளைங்களோட பெத்தவங்க. கழிப்பறையில தண்ணி வரலன்னு அங்க ஒரு அம்மா சொன்னா அது கலையரங்கத்துக்கு முன்னாடி வரணும். பொங்கலுக்கு ஊருக்குப் போறவங்க யாராவது தலைமையாசிரியரைப் பாத்து, குழு கூட்டத்துல பேசி ஒரு பட்டியல் எழுதித் தரச் சொல்லி, அதைப் போட்டோ எடுத்து இங்க போடுங்க. சிங்கப்பூர் ஆளுங்ககிட்ட வசூல் பண்ற வேலையை நான் ஏத்துக்கிறேன், துபாய், நியூஜெர்சிக்கு யாருன்னு நீங்களே பேசிச் சொல்லுங்க.