காற்றில் ஈரம் 7% கூடினால் மழை ஏன் அவ்வளவு கூடுவதில்லை?

மழைமானி:
ஒரு டிகிரி சூடேறினால் காற்று 7% கூடுதல் நீராவியைத் தாங்கும் என்கிறார்கள். உலக சராசரி மழை மட்டும் டிகிரிக்கு 2, 3% தான் கூடுமாம். மீதி ஈரம் எங்கே? ஊர் வடிகால் கணக்குக்கு எந்த எண்ணைப் பிடிப்பது?

ஈரக்குமிழ்:
முதலில் அந்த 7. தெவிட்டிய ஆவி அழுத்தம் (காற்று தாங்கக்கூடிய உச்ச நீராவியின் அளவுகோல்) 0 டிகிரி வாக்கில் ஒரு டிகிரிக்கு 7.3% ஏறும், 30 டிகிரி வாக்கில் 6%-க்குச் சற்றுக் குறைவாக. நம்மூர் வெக்கைக்கு 6 என்றே வையுங்கள்.

மொத்த மழைக்குக் கடிவாளம் வெப்பக் கணக்கு. ஒரு கிலோ நீராவி மழையாகும்போது சுமார் 25 லட்சம் ஜூல் வெப்பம் காற்றில் சேர்கிறது. உலக சராசரி மழை நாளுக்கு 2.7 மி.மீ.; சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 78 வாட். காற்று அதை அகச்சிவப்புக் கதிராக வெளியேற்றியாக வேண்டும். சூடேறும்போது அந்த வேகம் மெல்லத்தான் கூடுகிறது. கார்பன் டை ஆக்சைடு அதையும் கொஞ்சம் அடைக்கிறது.

மீதி ஈரம் காற்றிலேயே தங்குகிறது. இப்போதைய இருப்பு, முழுவதையும் மழையாக்கினால், சராசரி 25 மி.மீ.; நாள் மழை 2.7-ஆல் வகுத்தால் 9 நாள், நீராவி காற்றில் சராசரியாகத் தங்கும் காலம். சூடு கூடக் கூட இந்த 9 நீளும்.

வடகிழக்கு:
வடிகாலை நிரப்புவது ஆண்டு மழையா? ஒரு மணி நேர உச்ச மழைதான். உலக சராசரிக்கான கடிவாளம் ஒற்றை மேகத்துக்குப் பொருந்தாது. அங்கே டிகிரிக்கு 6, 7% என்று தொடங்குங்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. கொட்டியதே, அதற்கு முதல் காரணம் குமரிக்கடல் பக்கம் இருந்த காற்றுச் சுழற்சி. கூடுதல் ஈரம் அப்படிப்பட்ட மழையைப் பெருக்கும், உண்டாக்காது.

உங்கள் ஊர்த் தரவில் பார்க்க: மணிவாரி மழையை, மழைக்குச் சில மணி நேரம் முந்தைய பனிப்புள்ளிப்படி (காற்று எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் அதன் ஈரம் துளியாகத் தொடங்குமோ அது) 2 டிகிரிக் கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூறிலும் மழை உச்சமான 1% மணி நேரங்களை மட்டும் ஒப்பிடுங்கள். பனிப்புள்ளிக்குப் பதில் அன்றைய வெப்பநிலையைப் போட்டால் கெட்டது. மழையே காற்றைக் குளிர்வித்துவிடும். 38 டிகிரி நாளில் ஈரமே போதாமலும் இருக்கும். வெப்பம் கூடினால் மழை குறைகிறது என்று கோடு பொய் சொல்லும்.

மழைமானி:
ஏரி நீர்க்கணக்குக்கும் இதே எண்ணா?

ஈரக்குமிழ்:
வரத்துக்கு வேறு, இழப்புக்கு வேறு சார். 30 டிகிரி, ஒப்பு ஈரப்பதம் 60% என்றால் காற்றின் ஆவிப் பற்றாக்குறை (தெவிட்ட இன்னும் வேண்டிய ஆவி அழுத்தம்; இது கூடினால் ஏரி நீர் வேகமாக ஆவியாகும்) 17 மில்லிபார். 33 டிகிரியில் அதே 60% நின்றால் 20. ஆனால் கடலைவிட நிலம் வேகமாகச் சூடேறுகிறது; கடலிலிருந்து வரும் ஈரம் ஈடுகொடுப்பதில்லை. 33 டிகிரியில் நீராவி கொஞ்சமும் அதிகரிக்காவிட்டால் பற்றாக்குறை 25. வரத்தைத் திருத்துகிறவர்கள் பலர் ஆவியிழப்பைப் பழைய எண்ணிலேயே விட்டுவிடுகிறார்கள். கோடையில் கணக்கு உதைப்பது அங்கேதான்.