ரெண்டு கோணி பழைய கேபிள் கெடக்கு, காயலான் கடையில போடலாமா?

பாலாத்தங்கரை:
வணக்கம் மக்களே, சத்துவாச்சாரில நாங்க வெச்சிருந்த பிரவுசிங் சென்டர மூடி ரொம்ப வருஷம் ஆச்சு, இப்பதான் மாடிய காலி பண்றோம், ரெண்டு கோணி நெறைய கேபிள், மானிட்டருக்கு போடற விஜிஏ, பிரிண்டரோட 25 பின், நெட்வொர்க்குக்கு போடற லேன், பவர் கார்டு எல்லாம் இடியாப்பம் மாதிரி பின்னிக்கிட்டு கெடக்கு. காயலான் கடைக்காரர் எடுத்துக்கறேன்றாரு, ஆனா அவர் ஆளுங்க ஆத்து மணல்ல போட்டு கொளுத்தி காப்பர் எடுக்கறத நானே பாத்திருக்கேன். வேற வழி இருக்கா?

காட்பாடி ஜங்ஷன்:
மொதல்ல பிரிச்சு வைங்க ப்ரோ. டெஸ்க்டாப், மானிட்டருக்கு இன்னிக்கும் அதே பவர் கார்டுதான். ஆனா மாடில கெடந்ததுன்றீங்க, நம்மூர் வெயிலுக்கு மேல்தோலு வெடிச்சிருக்கும், அப்படி இருந்தா யாருக்கும் குடுக்காதீங்க, ஷாக் அடிக்கும்.

கொசப்பேட்டை வயர்மேன்:
கொளுத்தறவங்க கிட்ட மட்டும் போடாத தம்பி. மேல இருக்கறது பிவிசின்ற பிளாஸ்டிக், சுத்த பிவிசில எடைக்கு பாதிக்கு மேல குளோரின்தான். எரிச்சா வர்ற பொகையில தொண்டை எரியும், அது கூட பரவால்ல, டையாக்சின்னு ஒரு கொடிய விஷம் வரும், உள்ள இருக்கற காப்பரே அத தூண்டி விடும். புல்லுல படிஞ்சா மாட்டுப்பாலு வரைக்கும் வந்துடும், ஆத்துல எத்தன மாடு மேயுதுன்னு நீயே பாரு. பவர் கார்டு பிளேடுல சீவினா கட்டும், நானே சீவுவேன். விஜிஏ, லேன் மாதிரி டேட்டா கேபிள்ல கம்பி முடி மாதிரி இருக்கும், கைதான் கிழியும். வெல கம்மியான லேன் கேபிள் பலதுல வெறும் அலுமினியத்துக்கு மேல காப்பர் பூச்சு, சொரண்டிப் பாரு, வெள்ளையா தெரியும்.

பாலாத்தங்கரை:
அப்ப டேட்டா கேபிள எங்கண்ணே தள்றது?

வாலாஜா ரோடு:
ரிஜிஸ்டர் பண்ண இ-வேஸ்ட் ரிசைக்ளர் கிட்டதான். 2023 ஏப்ரல் 1ல இருந்து புது ரூல்ஸ், மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரிய போர்ட்டல்ல அவங்க பேர் இருக்கணும். அங்க மெஷின்ல அரைச்சு காப்பர் தனியா பிளாஸ்டிக் தனியா பிரிச்சிடுவாங்க, நெருப்பே வேணாம். ரெண்டு கோணிக்கு வண்டி அனுப்பறது கஷ்டம், பக்கத்து சர்வீஸ் கடைங்களயும் சேத்துக்கிட்டு போன் போடுங்க. ராணிப்பேட்டையில குரோமியம் கழிவு ஊர் தண்ணிய எப்படி கெடுத்துச்சுன்னு பாத்தவன், அதான் இவ்ளோ சொல்றேன்.

பாலாத்தங்கரை:
சரிங்க, ஞாயித்துக்கெழம பிரிக்க உக்காரறேன். விஜிஏ நல்லதா பத்து பதினொண்ணு தேறும், யாருக்காச்சும் வேணுமா?

காட்பாடி ஜங்ஷன்:
விஜிஏ வேணாம், அந்த 25 பின் ஒண்ணு எடுத்து வைங்க ப்ரோ. மாமா கடையில பில் போடற பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் இன்னும் ஓடிக்கிட்டுதான் இருக்கு.