புதுப்பிப்பு: அமிகா 500-இன் கூடுதல் நினைவகம் தெரிகிறது

1980-களின் வீட்டுக் கணினியான அமிகா 500-இன் அடிப்புறச் செருகிடத்தில் 512 கிலோபைட் அட்டையைப் பொருத்தியும் கூடுதல் நினைவகம் தென்படவில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். பழுது சில்லுகளில் இல்லை. கடிகாரத்துக்காக அட்டையில் பற்றவைத்திருந்த நிக்கல்-காட்மியம் பேட்டரி கசிந்து, இணைப்பியின் முனைகளில் பச்சையாகப் பூத்திருந்தது. பேட்டரியை வெட்டியெடுத்து, கசிவு காரத்தன்மை உடையது என்பதால் முதலில் வினிகரால் ஒற்றி, பின்னர் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பழைய டூத்பிரஷால் தேய்த்துக் காயவிட்டேன். இப்போது மொத்தம் 1 மெகாபைட் தெரிகிறது. அணைத்தால் கடிகாரம் நேரத்தை மறந்துவிடும், அது எனக்குப் பெரிய இழப்பில்லை. சேமிப்புக்கென, உள்ளிருந்த ஃபிளாப்பி டிரைவைக் கழற்றிவிட்டு அதைப்போலவே இயங்கும் யுஎஸ்பி எமுலேட்டரைப் பொருத்தியதில், 880 கிலோபைட் வட்டுப் படிமங்கள் (ஃபிளாப்பிகளின் முழு நகல் கோப்புகள்) நூற்றுக்கணக்கில் ஒரே பென்டிரைவில் அடங்கிவிட்டன. பழைய டிரைவின் கரகரப்பு கேட்காததுதான் என்னவோபோல் இருக்கிறது.