ரேஷன் மிஷின்ல அம்மா கைரேகை விழல. கம்ப்யூட்டரை எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கோத்துவிட்டதுல யாருக்கு லாபம்?

காசிமேட்டுப் பையன்:
எங்கம்மா முப்பது வருஷமா காசிமேட்டுல மீன் வெட்டுறாங்க. ஐஸு, உப்புத்தண்ணி, செதிலு... விரல்ல ரேகையே தேஞ்சு வழவழன்னு ஆயிடுச்சு. இந்த மாசம் அரிசி வாங்கப் போனா மிஷின் நாலு தடவையும் ஒத்துக்கல. கடைக்காரர் வாராவாரம் அம்மாகிட்டதான் சங்கரா வெட்டி வாங்கிட்டுப் போவாரு. அவரே, "நீங்கதான்னு எனக்குத் தெரியுது, மிஷினுக்குத் தெரியலயேக்கா"ன்றார். உள்தாள் ஒட்டுன பழைய அட்டை இருந்தப்போ இந்தத் தொல்லை இல்ல. ஆயுசு பூரா கைநாட்டு வச்ச பொம்பளைக்கு இப்ப கைநாட்டே செல்லல! தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பெரம்பூர் ரிட்டையர்டு:
தம்பி, நான் ரயில்வே முன்பதிவு கவுன்ட்டர்ல இருந்தவன். கம்ப்யூட்டர் வந்த புதுசுல டெல்லிக்கு ஒண்ணு, கல்கத்தாவுக்கு ஒண்ணு, நமக்கு ஒண்ணுன்னு தனித்தனிக் குடித்தனம். டெல்லியில கிளம்பற வண்டியில எந்த சீட்டு காலின்னு என் மிஷினுக்குத் தெரியாது. திரும்பி வர்ற டிக்கெட்டுக்குத் தந்தி அடிப்போம். ஜனங்க தினமும் ஜன்னல்ல தலையை நீட்டி "பதில் வந்துச்சா சார்?"னு கேப்பாங்க. 1999-ல டெல்லி, மும்பை, கல்கத்தா, செகந்திராபாத், சென்னை அஞ்சையும் இணைச்சாங்க. எந்த ஊர் வண்டிக்கும் எந்த ஊர்லயும் டிக்கெட். 2002-ல இன்டர்நெட் புக்கிங் வந்தது. ஆரம்பத்துல டிக்கெட்டை கூரியர்ல அனுப்புவாங்க, இப்ப சொன்னா சிரிக்கறாங்க.
ஜனங்களுக்கு லாபம்தான். ஆனா முன்னல்லாம் சாவுக்குப் போறவங்க வந்து அழுதா ஏதோ ஒரு வழி பண்ணித் தருவோம். அப்புறம் திரையைக் காட்டிக் கையை விரிக்கறதுதான் என் வேலை. எனக்கு இருந்த மரியாதையும் அதோட போச்சு, அதையும் ஒத்துக்கறேன். உங்க கடைக்காரர் நிலைமையும் அதேதான்.

வியாசை அக்கா:
பழைய அட்டையை ரொம்பத் தூக்கிப் பேசாதீங்க தம்பி. வாங்காத சக்கரையை வாங்குனதா எழுதிட்டு, கேட்டா "ஸ்டாக் இல்ல"ன்னு துரத்துன கடையை நான் பாத்திருக்கேன். 2017-ல ஸ்மார்ட் கார்டு வந்தப்புறம் பில் போட்டா போனுக்கு மெசேஜ் வருது. வாங்காததுக்கு வந்தா அதைக் காட்டியே சண்டை போடலாம். நான் போட்டேன், சக்கரை வந்துச்சு.
எங்கக்கா குடும்பத்தை ஆத்தோரத்துல இருந்து பெரும்பாக்கத்துக்குத் தூக்கிப் போட்டாங்க. முன்னாடின்னா அட்டையை மாத்தற வரைக்கும் மாசாமாசம் பஸ் ஏறி இங்க வரணும். 2020-க்கு அப்புறம் எந்தக் கடையிலயும் வாங்கலாம்னு ஆனதால அங்கயே வாங்கிச்சு. கோத்துவிட்டதாலதான அது?
உங்க பேரு அட்டையில இருக்குல்ல? நீங்க போய் விரல் வைங்க. யாருமே போக முடியாத வீடுன்னா, வேற ஆளை அனுப்ப அங்கீகாரச் சான்றுன்னு ஒரு படிவம் இருக்கு, கடையில கேளுங்க.

காசிமேட்டுப் பையன்:
நன்றிக்கா, ஐயாவுக்கும். சனிக்கிழமை லீவு போட்டுட்டுப் போனேன். முதல் தடவையே விழுந்துச்சு. அம்மா பையைப் பிடிச்சுக்கினு வெளியவே நின்னுட்டாங்க. வர்ற வழியில ஒரே கேள்விதான்: "அட்டையில குடும்பத் தலைவின்னு என் போட்டோதான இருக்கு?"