டோங்கரீரோ நடை: அவருக்கு ஆசை, எனக்கு முழங்கால்

மழைத்துளி எழுதியது:

பிப்ரவரியில் நானும் வீட்டுக்காரரும் நியூசிலாந்து போகிறோம். வடக்குத் தீவு மட்டும், ஆறு நாள். தெற்குத் தீவைப் பார்க்காமல் வருவீர்களா என்று ஏற்கெனவே எல்லோரும் கேட்டாயிற்று, நீங்களும் கேட்காதீர்கள். எங்களுக்கு எரிமலைப் பக்கம்தான் போக வேண்டும்.

அவர் ஒரு எக்ஸெல் போட்டு வைத்திருக்கிறார். முதல் இரண்டு நாள் ரோட்டோருவா (சேற்றுக் குளங்கள், வெந்நீர் ஊற்று, கைட்டுனா ஆற்றில் ராஃப்டிங்), மூன்றாம் நாள் டௌப்போவில் ஸ்கை டைவிங், நாலாம் நாள் டோங்கரீரோ ஆல்பைன் கிராஸிங் (எரிமலை மேலே ஒரு நாள் முழுக்க நடை), ஐந்தாம் நாள் படகில் வெள்ளைத் தீவு எரிமலை, ஆறாம் நாள் ஆக்லாந்து திரும்புவது. மூச்சுவிட எங்கே நேரம் என்று கேட்டால் அந்தக் கட்டத்துக்கும் ஒரு நிறம் அடித்துத் தருவார் போல.

என் பிரச்சினை நாலாம் நாள். சுமார் 20 கிலோமீட்டர் என்கிறார்கள். நான் ஒரே மூச்சில் பத்துக்கு மேல் நடந்ததில்லை, படி இறங்கினால் வலது முழங்கால் முனகும், உயரத்திலிருந்து கீழே பார்த்தால் வயிற்றைப் புரட்டும். "மெதுவாக நடந்தால் போதும், எல்லோரும்தானே போகிறார்கள்" என்கிறார் அவர். நான் கீழே இருந்துகொண்டு அவரை மட்டும் அனுப்பட்டுமா, இல்லை இரண்டு பேருமே விட்டுவிடலாமா? இன்னொன்று, எனக்கு நீச்சல் தெரியாது. ராஃப்டிங் சரிப்படுமா?

கால்நடை எழுதியது:

முதலில் அந்த எக்ஸெல்லில் "நாலாம் நாள்" என்பதை அழிக்கச் சொல்லுங்கள். அந்த மலையில் தேதி குறிப்பது நாம் இல்லை, காற்று. கோடையிலும் மேலே மேகம் இறங்கிவிட்டால் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது, காற்று பலமாக இருந்தால் ஷட்டில் வண்டிக்காரர்களே அன்றைக்கு ஓட்ட மாட்டார்கள். நான் முதல் தடவை போனபோது ஒரு நாளை மட்டும் ஒதுக்கிவிட்டு, அந்த நாள் முழுவதும் விடுதி ஜன்னலில் மழையை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று, நான்கு, ஐந்து ஆகிய மூன்று நாளும் டௌப்போவிலோ நேஷனல் பார்க் வில்லேஜிலோ தங்குங்கள், இரண்டுக்கும் நடுவே சுமார் 100 கிலோமீட்டர்தான். வானிலை அறிக்கையைப் பார்த்து எந்த நாள் நன்றாக இருக்கிறதோ அன்று மலை, மற்ற நாள்களில் மற்றது. ஸ்கை டைவிங்கும் காற்றைப் பொறுத்ததுதான், அதையும் இறுக்கிக் கட்டாதீர்கள்.

ஐந்தாம் நாள் தானாகவே காலியாகிவிடும், கவலை வேண்டாம். வெள்ளைத் தீவு (வக்காரி) 2019 டிசம்பர் 9 அன்று சுற்றுலாப் பயணிகள் மேலே இருக்கும்போதே வெடித்து 22 பேர் இறந்தார்கள். அதற்கப்புறம் யாரையும் தீவில் இறக்குவதில்லை. அவர் படித்தது ஏதோ பழைய கட்டுரையாக இருக்க வேண்டும்.

இனி முழங்கால். எல்லோரும் ஏற்றத்தை நினைத்துப் பயப்படுவார்கள், இந்தப் பாதையில் முழங்காலை வாங்குவது இறக்கம். மங்கடெபோப்போவில் தொடங்கும் இடம் 1120 மீட்டர், உச்சமான ரெட் கிரேட்டர் (கிரேட்டர் என்றால் எரிமலை வாய்) 1886, முடியும் கெட்டெட்டாஹி 760. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏறுவதைவிட இறங்குவதே அதிகம். ரெட் கிரேட்டரிலிருந்து மரகத ஏரிகளுக்கு இறங்கும் துண்டு சாம்பலும் சரளையுமாகக் காலடியில் நழுவும், முகட்டின் இரண்டு பக்கமும் சரிவு. உங்கள் வயிறு அங்கேதான் புரட்டும். குதிகாலை அழுத்திப் பதித்து இறங்க வேண்டும், இரண்டு ஊன்றுகோல் இல்லாமல் போகவே போகாதீர்கள். வழியில் குடிக்கத் தண்ணீர் கிடைக்காது, தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான்.

கோடையில் மங்கடெபோப்போவில் நான்கு மணி நேரத்துக்கு மேல் காரை நிறுத்த முடியாது. நடையோ ஏழு, எட்டு மணி நேரம். காரைக் கெட்டெட்டாஹிப் பக்கம் விட்டுவிட்டுக் காலையில் ஷட்டிலில் தொடக்கத்துக்குப் போங்கள். சாயங்காலம் கடைசி வண்டி போய்விடுமோ என்று ஓட வேண்டியதில்லை, முழங்காலுக்கு அதுவே பாதி மருந்து.

இஞ்சிமிட்டாய் எழுதியது:

தோழி, நான் உங்கள் கட்சி. நாங்கள் போன அன்று தெற்கு கிரேட்டர் வரை வந்துவிட்டோம், பெரிய மைதானம் மாதிரி சமதளம், அதைத் தாண்டி மேலே பார்த்தால் முகட்டில் நிற்பவர்கள் காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தார்கள். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். என்னவர் ஒன்றும் சொல்லவில்லை, திரும்பி என்னோடு வந்தார், அப்புறம் இரவுவரை ஒன்றுமே சொல்லவில்லை. அதுதான் கஷ்டம். கிளம்புவதற்கு முந்தின இரவே பேசி முடித்துவிடுங்கள், எந்த இடத்தில் நான் திரும்பினால் நீங்கள் தொடர்ந்து போகலாம், எந்த நிலையில் இருவருமே திரும்ப வேண்டும் என்று. மலை மேல் நின்றுகொண்டு அந்தப் பேச்சைத் தொடங்கினால் அது சண்டையாகத்தான் முடியும்.

முழுசாக வேண்டாம் என்றால் அதே பாதையில் சோடா ஸ்பிரிங்ஸ் வரை போய்த் திரும்பலாம், சுமார் மூன்று மணி நேரம், காரை நிறுத்தும் கெடுவுக்குள் முடிந்துவிடும். நௌருஹோயி எரிமலையின் கூம்பு தலைக்கு மேலேயே நிற்கும். நாங்கள் மறுநாள் ஃபகபாப்பா கிராமத்திலிருந்து டாரநாக்கி அருவிக்குப் போனோம், ஆறு கிலோமீட்டர் சுற்று, இரண்டு மணி நேரம். 15,000 வருடத்துக்கு முன் ருவாபேஹு கக்கிய எரிமலைக் குழம்பு உறைந்து நின்ற விளிம்பிலிருந்து 20 மீட்டர் விழுகிறது. இதையே முதல் நாள் செய்திருக்கலாமே என்று அவரே சொன்னார். (எழுதி வாங்கிக்கொள்ளாதது என் தப்பு.)

கந்தகக்குழம்பு எழுதியது:

ரோட்டோருவா பற்றி யாரும் சொல்லவில்லையே. ஊருக்குள் நுழைந்ததும் அழுகின முட்டை வாடை வரும், ஹைட்ரஜன் சல்ஃபைடு, அரை நாளில் மூக்கு பழகிவிடும். ஆனால் வெள்ளி பழகாது. மெட்டி, கொலுசு இருந்தால் வெந்நீர்க் குளத்தில் இறங்கும் முன் கழற்றிவிடுங்கள். என் மனைவியின் மெட்டி ஒரே குளியலில் இரும்பு மாதிரி கறுத்துப்போய், வீடு திரும்பும்வரை அதற்கு நான்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வை-ஓ-டாப்பு வெந்நீர்ப் பூங்காவில் லேடி நாக்ஸ் ஊற்று தினமும் காலை 10:15-க்குப் பீறிடும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். எரிமலைக்கு எப்படி மணி தெரியும் என்று யோசித்தேன், பார்த்தால் ஒருவர் வந்து அதன் வாயில் சோப்பைப் போடுகிறார்! நீரின் மேற்பரப்பு இழுவிசை குறைந்து உள்ளே அடைபட்ட வெந்நீர் பொங்குகிறது. எனக்குச் சப்பென்று போய்விட்டது. அதே வளாகத்தில் ஷாம்பெயின் குளம் அப்படி இல்லை, 65 மீட்டர் அகலம், 74 டிகிரி, ஓரமெல்லாம் ஆர்செனிக்கும் ஆன்டிமனியும் படிந்து குங்குமப்பூ நிறம். நேரம் குறைவு என்றால் சோப்பை விட்டுவிட்டு நேரே இங்கே போங்கள், கூட்டம் அங்கே உட்கார்ந்திருக்கும்போது இது உங்களுக்குத்தான்.

காட்டுக்குள் கெரசின் கிரீக் என்று இலவச வெந்நீர் ஓடை இருக்கிறது, அருமை. தலையை மட்டும் நனைக்காதீர்கள், மூக்கு வழியாகப் போனால் மூளையைத் தாக்கும் அமீபா அந்த மாதிரி வெந்நீரில் இருக்கலாம்.

ராஃப்டிங்: கைட்டுனாவில் டுடேயா அருவி ஏழு மீட்டர், படகோடு அப்படியே விழுவீர்கள், சில சமயம் படகு கவிழும். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தாலும் நீருக்கடியில் சில நொடி இருக்கும்போது பதறாதவர்களுக்குத்தான் அது. நீச்சல் தெரியாது என்பதை முன்பதிவிலேயே சொல்லிவிடுங்கள். நானாக இருந்தால் கரையிலிருந்து படம் எடுப்பேன்.

கால்நடை எழுதியது:

ஒன்று விட்டுப்போயிற்று. மரகத ஏரிகளில் கையை நனைப்பது, நீல ஏரிக் கரையில் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிப்பது இரண்டும் வேண்டாம், மாவோரிகளுக்கு அவை புனித நீர். நௌருஹோயி உச்சிக்கும் ஏற வேண்டாம் என்றே கேட்டுக்கொள்கிறார்கள். 1887-இல் அந்தச் சிகரங்களைக் கொடையாகக் கொடுத்தவர்களே அவர்கள்தான், அதிலிருந்து வந்ததுதான் அந்தத் தேசியப் பூங்கா.

மழைத்துளி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. முழுசையும் அவருக்குப் படித்துக் காட்டினேன். வெள்ளைத் தீவு கைவிட்டுப் போனதில் முகம் கொஞ்சம் வாடியது, ஆனால் மூன்று நாளையும் ஒரே கட்டமாகச் சேர்த்து "காற்று சொல்வது" என்று எழுதிவிட்டார். தெற்கு கிரேட்டர்வரை சேர்ந்து போவது, அங்கே நான் திரும்பினால் அவர் தொடரலாம், முகட்டில் காற்று பலமாக இருந்தால் இருவரும் திரும்புவது என்று ஒப்பந்தம். ராஃப்டிங் அவர் மட்டும். பழைய மலையேற்றக் காலணி ஒன்று இருக்கிறது, அதையே கொண்டுவரலாமா?

இஞ்சிமிட்டாய் எழுதியது:

தாராளமாக. ஆனால் அடியில் ஒரு துளி மண் இல்லாமல் பல் தேய்க்கும் பிரஷால் தேய்த்துவிட்டு, வருகைப் படிவத்தில் மறக்காமல் குறிப்பிடுங்கள். சொல்லாமல் மாட்டினால் 400 டாலர் அபராதம்.