ஃபெட்டீக் சாம்பிள் நடுவில் உடையாமல் கிரிப்பில் உடைகிறது

வணக்கம். ஓசூர் சிப்காட் பக்கம் ஒரு சின்ன டெஸ்டிங் லேபில் இருக்கிறேன். விமான பாகத்துக்கான 7075-டி6 என்ற அலுமினியக் கலவையில் ஃபெட்டீக் டெஸ்ட் (உடையும் வரை திரும்பத் திரும்பச் சுமை கொடுக்கும் சோதனை) ஓடுகிறது. மூன்று வாரமாக நகரவே இல்லை.

100 கிலோநியூட்டன் செர்வோ ஹைட்ராலிக் மெஷின், ஹைட்ராலிக் கிரிப் (சாம்பிளின் முனைகளைப் பல் தாடையால் இறுக்கிப் பிடிப்பது). தட்டை சாம்பிள், 6 மி.மீ. தடிமன். ஆர் விகிதம் (குறைந்தபட்ச சுமைக்கும் அதிகபட்ச சுமைக்கும் உள்ள விகிதம்) 0.1, 20 ஹெர்ட்ஸ், ஏஎஸ்டிஎம் இ466 என்ற தரநிலை முறை. கடைசி 9 சாம்பிளில் 6 கிரிப்புக்குள்ளேயே உடைந்துவிட்டன. கழற்றிப் பார்த்தால் பல் பதிந்த வரியில் கறுப்புத் தூள். விரிசல் அங்கிருந்துதான் கிளம்புகிறது. ஃப்ரெட்டிங் (இறுக்கிப் பிடித்த இடத்தில் நுண்ணிய உராய்வால் வரும் தேய்மானம்) என்றே படுகிறது. இந்த எண்களை எஸ்-என் வரைபடத்தில் (எவ்வளவு தகைவில் எத்தனை சுற்றுக்கு உடைகிறது என்று காட்டுவது) சேர்க்க மனசு வரவில்லை, பறக்கப்போகிற பொருள் இது.

கிரிப் அழுத்தத்தைக் குறைத்தேன், சாம்பிள் வழுக்கியது. சரி, அலைன்மென்ட் (சாம்பிள் நேராகப் பிடிபடாதது) பிரச்சினையாக இருக்கும் என்று ஸ்ட்ரெயின் கேஜ் (நீட்சியை அளக்கும் சென்சார்) ஒட்டிப் பார்த்தேன். வளைவு 5 சதவீதத்துக்குள்தான். அப்புறம் பல் தாடையை மாற்றிச் சொரசொரப்புக் குறைந்ததைப் போட்டேன், அதிலும் இரண்டு போயின.

மீதி 14 சாம்பிள்தான். அதே பிளேட்டில் புதிதாக வெட்டவும் வழியில்லை.

இந்தச் சாம்பிள்களின் வடிவத்தை மாற்றாமல் ஃப்ரெட்டிங்கை நிறுத்த, தாடைக்கும் சாம்பிளுக்கும் இடையில் நீங்கள் எதை வைத்தீர்கள்?