வீட்டுத் தோட்டத்துக்குக் குறைந்த விலையில் விதை: எங்கே கிடைத்தது, எது முளைத்தது?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து

ஆடி நெருங்குகிறது. பின்கட்டில் இரண்டு பாத்தியும் மாடியில் நாலைந்து பைகளும் வைத்திருக்கிறவருக்கு எவ்வளவு விதை வேண்டும்? ஒரு கிராம் தக்காளி விதையில் ஏறத்தாழ முந்நூறு மணிகள் இருக்கும். கடைக்காரரோ பத்து கிராமுக்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறார். ஏக்கர் கணக்கில் நடுகிற விவசாயிக்காகக் கட்டிய பொட்டலம் அது. இணையத்தில் விற்பவர்கள் நேர்மாறு: இருபது விதையை வண்ண உறையில் போட்டு, தபால் கூலியும் சேர்த்து, ஒரு வாரக் காய்கறிச் செலவைக் கேட்கிறார்கள். என் தம்பி அப்படி ஒரு 'விதைத் தொகுப்பு' வாங்கி அனுப்பியிருந்தான். உறைகளில் படம் இருந்தது. ரகத்தின் பெயர் இல்லை, சோதித்த தேதி இல்லை. கீரையும் வெண்டையும் முளைத்தன. 'நீலத் தக்காளி' மண்ணுக்குள்ளேயே சமாதி ஆகிவிட்டது.

எனக்குக் கைகொடுத்தது கிருஷி பவன்தான். ஊராட்சிக்கு ஒன்று என்று 1987 முதல் கேரளத்தில் இருக்கிற வேளாண் அலுவலகம். ஓணத்துக்கு முன்னால் 'ஓணத்தினு ஒரு முறம் பச்சக்கறி' (ஓணத்துக்கு ஒரு முறம் காய்கறி) திட்டத்தில் விதைப் பொட்டலங்களை இலவசமாகவே தருகிறார்கள். இங்கே கேரளத்தில் வாழும் நம் தமிழர்கள் பலர் மலையாளம் வராது என்று அந்தப் படியேறத் தயங்குகிறார்கள். அங்கிருந்த அலுவலர் அம்மா என்னிடம் தமிழிலேயே, "எவ்வளவு இடம் வைத்திருக்கிறீர்கள், வெயில் எந்தப் பக்கம் விழும்?" என்று கேட்டுவிட்டுத்தான் பொட்டலத்தை எடுத்தார். விதைக் கடையில் இதுவரை யாரும் என்னிடம் வெயிலைப் பற்றிக் கேட்டதில்லை. அதில் இருந்த 'அருண்' சிவப்புக் கீரையை இன்றுவரை விதை எடுத்து விதை எடுத்துப் போட்டு வருகிறேன்.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள். எங்கே வாங்கினீர்கள் என்பதோடு எது முளைத்தது என்பதையும் சேர்த்து எழுதினால் நல்லது.

வேலந்தாவளத்திலிருந்து

ஐயா, இலவசம் நல்லதுதான். ஆனால் கேட்டபோது இருப்பு இருக்க வேண்டுமே! திட்டப் பொட்டலங்கள் பருவத்தோடு வந்து பருவத்தோடு தீர்ந்துவிடும். தை மாதம் போய் நின்றால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். எருத்தேம்பதியில் கேரள வேளாண் துறையின் விதைப் பண்ணையே இருக்கிறது. ஆலத்தூரில் காய்கறி, பழ மேம்பாட்டுக் கவுன்சிலின் விதை பதப்படுத்தும் நிலையம் இருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம். இவ்வளவையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு முகம் தெரியாதவனிடம் எதற்கு விதை வாங்க வேண்டும்?

நான் முதலில் பார்ப்பது உறையில் ஒட்டியிருக்கும் அட்டையை. சான்று பெற்ற விதைக்கு நீல அட்டை. ரகம், முளைப்புத் திறன், சோதித்த நாள், காலாவதி நாள் எல்லாம் உறையில் ஒட்டிய அட்டைகளில் இருக்கும். சோதித்த நாளிலிருந்து ஒன்பது மாதம்தான் அந்தச் சான்றுக்கு ஆயுள். பிறகு மறுபடி சோதிக்க வேண்டும். இன்னொன்று: நூற்றுக்கு நூறு முளைக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. தக்காளிக்கும் கத்தரிக்கும் 70 சதவீதம், வெண்டைக்கு 65, மிளகாய்க்கும் பாகலுக்கும் 60 முளைத்தால் போதும் என்பதே சான்றளிப்புக்கு வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு. பத்து மிளகாய் விதையில் நாலு வராமல் போனால் கடைக்காரரைத் திட்ட வேண்டியதில்லை. நாலுதான் வந்தது என்றால் தாராளமாகத் திட்டலாம்.

மறையூரிலிருந்து

எங்கள் மலைப் பக்கம் கதை வேறு. பீன்ஸுக்கும் பூண்டுக்கும் வீட்டு விதைதான். கேரட்டும் முட்டைக்கோஸும் நல்ல குளிர் கண்டால்தான் பூவெடுக்கும் என்பதால் சமவெளியில் அவற்றுக்கு வீட்டு விதை என்ற பேச்சே இல்லை. காசு கொடுத்துத்தான் ஆக வேண்டும். பழைய கேரட் விதையைத் தள்ளுபடியில் வாங்காதீர்கள். வெங்காய விதையும் அப்படித்தான், சீக்கிரம் உயிர் போய்விடும்.

ஆரியங்காவிலிருந்து

அண்ணன்மார் எல்லாரும் வாங்குவதைப் பற்றியே பேசுகிறீர்கள். என் மாமியார் கடைசிவரை விதைக்கென்று காசு கொடுத்தவரில்லை. பூசணி, சுரை விதைகளைப் பச்சைச் சாணத்தில் புதைத்து, வறட்டி தட்டுவதுபோல் தட்டிச் சுவரில் அப்பிவிடுவார். வெயிலில் காய்ந்து அப்படியே நிற்கும். வண்டு தொடாது. விதைக்கிற அன்று வறட்டியை உடைத்தால் விதை பளபளவென்று வரும். பயற்று விதைக்கு வசம்புத் தூளும் சாம்பலும். வெண்டையில் முதலில் காய்க்கும் நல்ல காயை இரண்டு செடிக்கு ஒன்று என்று துணி கட்டி விட்டுவிடுவார். அதை யாராவது குழம்புக்குப் பறித்தால் அன்று வீடு இரண்டுபடும்.

நான் கற்றுக்கொண்டது தக்காளி. நன்றாகப் பழுத்த நாட்டுத் தக்காளியின் சாற்றை விதையோடு ஒரு கண்ணாடி டம்ளரில் பிழிந்து வைத்தால் ஓரிரு நாளில் மேலே வெண்மையாக ஆடை கட்டி, புளித்த வாடை வரும். விதையைச் சுற்றியுள்ள வழவழப்பு கரைந்து, நல்ல விதை அடியில் தங்கும். அலசி, நிழலில், தட்டில் காயவைக்க வேண்டும். தாளில் வைத்தால் ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும். மளிகைக் கடைக் கொத்தமல்லியை இரண்டாக உடைத்துத் தூவினாலே வீட்டுக்குப் போதும். வெந்தயத்துக்கும் அதே டப்பாதான்.

ஒன்றில் மட்டும் கடை விதை நல்லது என்பேன். எங்கள் செம்மண்ணில் தக்காளியும் கத்தரியும் காய்க்கிற நேரத்தில், இலை பச்சையாக இருக்கும்போதே திடீரென்று தலை தொங்கிச் செத்துவிடும். தண்டை வெட்டி ஒரு டம்ளர் தண்ணீரில் நிறுத்தினால் வெள்ளைப் புகைபோல் நூல் இறங்கும். அது பாக்டீரியா வாடல். மருந்து ஊற்றிப் பயனில்லை. இதைத் தாங்குவதற்கென்றே கேரள வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட ரகங்கள் உண்டு: தக்காளியில் சக்தி, அனகா; கத்தரியில் சூர்யா, ஹரிதா. அவை வந்த பிறகுதான் என் தோட்டத்தில் கத்தரி நின்றது. இவை கலப்பின விதைகள் அல்ல என்பதால் ஒருமுறை வாங்கினால் போதும்.

வேலந்தாவளத்திலிருந்து

அம்மா சொன்ன கடைசி வரிக்குத்தான் இங்கே விலை அதிகம். எஃப்1, அதாவது முதல் தலைமுறைக் கலப்பினம், என்று போட்ட பொட்டலத்தில் மகசூல் உண்டு. பெங்களூருத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா ரக்‌ஷக் தக்காளி இலைச் சுருட்டையையும் வாடலையும் தாங்கும். ஆனால் அதன் பழத்திலிருந்து எடுத்த விதை, அடுத்த தலைமுறையில் ஆளுக்கொரு குணமாகப் பிரிந்துவிடும். வயலுக்கு நானே எஃப்1 போடுகிறேன், பழியில்லை. வீட்டுப் பின்கட்டுக்கு அந்தச் செலவு வீண்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து

அக்கா, ஒரு சந்தேகம். நான் எடுத்த சுரை விதையில் காய் ஒவ்வொரு கொடியிலும் ஒவ்வொரு வடிவத்தில் வருகிறது. பக்கத்து வீட்டிலும் சுரை இருக்கிறது.

ஆரியங்காவிலிருந்து

பூச்சிகள் செய்த வேலை, தம்பி. பயறும் தக்காளியும் பெரும்பாலும் தன் பூவிலேயே சூல் கொள்ளும், அவற்றுக்குப் பயமில்லை. சுரை, பீர்க்கு, பாகல் எல்லாம் பூச்சி எங்கே போய் வந்ததோ அந்தக் கலப்புதான். சுரை அந்தியில் மலரும். மறுநாள் அந்தியில் விரியப்போகிற பெண் மொட்டு அடியில் குட்டிக் காயோடு இருக்கும். அதையும் ஓர் ஆண் மொட்டையும் இன்றைக்கே நூலால் கட்டிவிடுங்கள். நாளை அந்தியில் இரண்டையும் அவிழ்த்து, ஆண் பூவின் மகரந்தத்தைப் பெண் பூவில் தடவி, மறுபடி கட்டிவிட வேண்டும். எந்தக் காய் என்று அடையாளத்துக்குக் காம்பில் சிவப்பு நூல் கட்டுங்கள். ஓடு முற்றி, தட்டினால் கணீரென்று கேட்கும்வரை கொடியிலேயே கிடக்கட்டும். பாகலுக்கும் பூசணிக்கும் இதே வேலைதான். அவை காலையில் மலர்வதால் விடியற்காலையில் எழ வேண்டும்.